போன் அடிச்சாலே நெஞ்சு படபடங்குது, இது நாளைக்கு டாரா திங்கியா, அதாவது நிரந்தர பிரஷர் நோயா மாறுமா?

"வணக்கம் டாக்டரம்மா. வயசு 43. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல கம்பெனி குடுத்த லயத்து வீட்லதான் இருக்கோம். மாமனார் வேலை முடிஞ்சதுனால வீட்ட காலி பண்ண சொல்லி நோட்டீஸ் வந்து மூணு மாசமாச்சு. மாமியார் ஸ்ட்ரோக்ல படுத்த படுக்கை, நான்தான் பாக்குறேன். வீட்டுக்காரர் ஜோகூர்ல லோரி ஓட்டுறார். என் தம்பி லைசென்ஸ் இல்லாம வட்டிக்கு விடுற ஆலோங் கிட்ட கடன் வாங்கிட்டு எங்கேயோ போய்ட்டான், அவனுங்க என் நம்பருக்கு அடிக்கிறானுங்க. போன் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடங்குது, கை ஜில்லுன்னு ஆயிடுது. தோட்டத்து கிளினிக் டிரெசர் பாத்தப்ப பிரஷர் 152/96, பக்கத்து வீட்டு அக்கா மிஷின்ல ராத்திரி பாத்தா 128/82. எல்லாரும் இது வெறும் டென்ஷன், மனசுல போட்டு குழப்பிக்காதன்னு சொல்றாங்க. எங்கப்பா 54 வயசுல, பாட்டிய அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்கு ராத்திரியே ஹார்ட் அட்டேக்ல போய்ட்டாரு, அதுவரைக்கும் ஒரு வியாதியும் இல்ல. எனக்கும் அப்படி ஆயிடுமோன்னு பயமா இருக்கு. இந்த டென்ஷன் நாளைக்கு டாரா திங்கியா மாறுமா? மாத்திர போடணுமா? முதுகு வலிக்கு பார்மசில மாத்திர வாங்கி போடுறேன், கோப்பி ஓ மூணு வேளை குடிப்பேன், நிறுத்தணுமா?"

அன்புத் தங்கச்சிக்கு,

உங்க லெட்டர படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். நானும் லயத்துல பொறந்தவதான், எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவரு, நோட்டீஸ்னா என்னன்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, அந்த பேப்பர் வந்த நாள்லேருந்து வீட்ல யாரும் சத்தமா பேச மாட்டாங்க, அம்மா ராத்திரி எழுந்து எழுந்து வாசல்ல போய் நிப்பாங்க. அதனால முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். "மனசுல போட்டு குழப்பிக்காத"ன்னு உங்க கிட்ட சொன்னவங்க நல்ல மனசோடதான் சொல்லியிருப்பாங்க, ஆனா அது வைத்தியம் கிடையாது. வீடு போகப்போகுது, மாமியார புரட்டி படுக்க வைக்கணும், ராத்திரி 11 மணிக்கு யாரோ போன்ல மிரட்டுறான், இதுக்கெல்லாம் படபடக்கலன்னாதான் நான் கவலப்படுவேன். உங்க உடம்பு அதோட வேலைய சரியாத்தான் செய்யுது. எனக்கு கவலை எல்லாம், அதுக்கு ஓய்வே கிடைக்க மாட்டேங்குதேன்னுதான்.

நீங்க கேட்ட முதல் கேள்விக்கு நேரா பதில்: ஆமா, மாறலாம். மாறியே தீரும்னு கிடையாது. அது எப்படின்னு கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா அது புரிஞ்சாதான் என்ன செய்யணும்ங்குறது புரியும்.

போன் அடிக்குது. அந்த நம்பர பாத்த உடனே மூளைக்குள்ள பயத்த கவனிக்கிற ஒரு இடம் முழிச்சுக்குது, அங்கேருந்து நரம்பு வழியா கிட்னிக்கு மேல உக்காந்துருக்குற சின்ன சுரப்பிக்கு தகவல் போகுது, அது அட்ரினலின்ன ரத்தத்துல கொட்டுது. நெஞ்சு வேகமா அடிக்குது, கைகால் தோல்ல இருக்குற ரத்தக்குழாய் சுருங்குது, கை ஜில்லுன்னு ஆச்சுன்னு சொன்னீங்களே அது இதனாலதான், ரத்தம் சீக்கிரம் உறையுற பதத்துக்கு போகுது, அடிபட்டா ரத்தம் வீணாகக் கூடாதுன்னு உடம்பு போடுற கணக்கு அது. வால்டர் கேனன்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1915லயே இத எழுதி வச்சுட்டாரு, சண்டைக்கு நிக்கவோ ஓடித் தப்பிக்கவோ உடம்பு தயாராகுற முறை இதுன்னு. காட்டுல பன்னி துரத்துனா இது உயிர காப்பாத்தும். ஓடி முடிச்சதும் எல்லாம் இறங்கிடும், நெஞ்சு பழைய நிலைக்கு வந்துடும். ஆனா ஆலோங் போனுக்கு நீங்க எங்க ஓடுவீங்க? நின்ன இடத்துலயே நிக்கிறீங்க, பிரஷர் மட்டும் ஏறிப் போய் நிக்குது, சில பேருக்கு நிமிஷத்துல 20, 30 கூட ஏறிடும்.

ஏறுறது கெடுதல் கிடையாது தங்கச்சி. மேட்டுல சைக்கிள் மிதிச்சாலும் ஏறும், பிள்ளைய தூக்கிட்டு ஓடுனாலும் ஏறும். ஏறுனது இறங்குதா, எவ்வளவு நேரத்துல இறங்குதுங்குறதுதான் கேள்வி. எங்கப்பா சொல்லுவாரு, ஒரு நாள் வெட்டுன மரத்த மறுநாள் வெட்டக்கூடாது, ஒரு நாள் விட்டுத்தான் கத்திய வைக்கணும், அப்பதான் மரத்துக்கு பால் ஊறும், ஆசைப்பட்டு தினமும் வெட்டுனா கொஞ்ச நாளைக்கு பால் பிடிக்கிற மங்கு நிறையும், அப்புறம் பட்ட காஞ்சு பால் நின்னு போயிடும்னு. உங்க இதயமும் ரத்தக்குழாயும் அந்த மரம் மாதிரிதான். உங்க வீட்ல இப்ப தினமும் வெட்டு, ஒரு நாளைக்கு பத்து தடவ வெட்டு.

இது ஊர்ப்பேச்சு இல்ல, அளந்து பாத்திருக்காங்க. அமெரிக்காவுல பிரஷர் இல்லாத 4,100க்கும் மேல இளவயசுக்காரங்கள கூப்பிட்டு, வீடியோ கேம் ஆட விட்டு, கண்ணாடியில பாத்து நட்சத்திர கோடு வரைய விட்டு, ஐஸ் தண்ணி டெஸ்ட் வச்சு, அந்த நேரத்துல பிரஷர் எவ்வளவு குதிக்குதுன்னு குறிச்சு வச்சாங்க. 13 வருஷம் கழிச்சு பாத்தப்ப, அன்னிக்கு அதிகமா குதிச்சவங்களுக்குத்தான் மத்தவங்கள விட முன்னாடியே பிரஷர் நோய் வந்திருந்துச்சு. 2004ல வெளியான ஆய்வு இது. அதுக்கப்புறம் 2010ல லண்டன் ஆராய்ச்சியாளர்கள் இது மாதிரி நிறைய ஆய்வுகள ஒண்ணா சேர்த்து பாத்தாங்க, குதிக்கிறது மட்டும் இல்ல, டெஸ்ட் முடிஞ்ச பிறகும் இறங்க நேரம் எடுக்குதே, அதுவும் பின்னாடி பிரஷர் வர்றதுக்கு ஒரு அடையாளம்னு தெரிஞ்சுது. 2021ல இன்னொண்ணு, பிரஷர் இல்லாத 412 பேரோட சிறுநீர்ல டென்ஷன் ஹார்மோன்கள அளந்து ஆறேழு வருஷம் கவனிச்சாங்க, அந்த ஹார்மோன் அளவு ரெண்டு மடங்கா இருந்தா பின்னாடி பிரஷர் வர்ற ரிஸ்க் 21லேருந்து 31 சதவீதம் வரைக்கும் கூடுதலா இருந்துச்சு. பயமுறுத்த சொல்லல. 31 சதவீதம் கூடுதல்னா கண்டிப்பா வரும்னு அர்த்தம் கிடையாது, உப்பு, உடம்பு எடை, குடும்ப வழி இதெல்லாம் சேந்துதான் முடிவாகுது. ஆனா "வெறும் டென்ஷன்"னு தள்ளி விடுற விஷயமும் கிடையாது.

உள்ள என்ன நடக்குதுன்னு கேட்டீங்கன்னா மூணு இடத்துல நடக்குது. ரத்தக்குழாய் சுவரு திரும்ப திரும்ப அழுத்தத்த வாங்கி வாங்கி தடிச்சுப் போகுது, தடிச்ச குழாயில உள்வழி குறுகுது, அப்புறம் லேசா சுருங்குனாலே பிரஷர் எகிறும். கிட்னி, நரம்பு சொல்றத கேட்டுக்கிட்டு உப்பையும் தண்ணியையும் வெளிய விடாம பிடிச்சு வச்சுக்குது. கழுத்துல பிரஷர கவனிக்கிற ஒரு காவக்காரன் மாதிரி நரம்பு முனைங்க இருக்கு, பிரஷர் ரொம்ப நாள் ஏறியே இருந்துச்சுன்னா அது அந்த அளவையே சரியான அளவுன்னு பழகிக்குது, சத்தம் போடுறத நிறுத்திடுது. இதுல மூணாவதுதான் எனக்கு பெரிய வருத்தம், ஏன்னா அதுக்கப்புறம் போன் அடிக்காத நாள்லயும் பிரஷர் மேலயே நிக்கும், டென்ஷன் போன பிறகும் நோய் போகாது. நீங்க இன்னும் அந்த இடத்துக்கு வரலன்னுதான் நினைக்கிறேன், ராத்திரி 128/82 காட்டுதுன்னா இறங்கத் தெரியுது உங்க உடம்புக்கு.

ஒண்ணு நல்லா கவனிங்க. அந்த போன் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடுது, ஆனா நீங்க அத எத்தன மணி நேரம் மனசுல ஓட்டிப் பாக்குறீங்க? அவன் இப்படி சொன்னானே, நான் அப்படி சொல்லியிருக்கணுமோ, நாளைக்கு வீட்டுக்கு வந்துட்டா என்ன பண்றது, பிள்ளைங்க ஸ்கூல்லேருந்து வர்ற நேரமாச்சே... உடம்புக்கு நிஜமா நடக்குறதும் மனசுல ஓடுறதும் ஒண்ணுதான், ஓட்டிப் பாக்குற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அட்ரினலின் ஊறும், கொஞ்சம் பிரஷர் ஏறும். தூங்கும்போது பிரஷர் பகல விட 10லேருந்து 20 சதவீதம் இறங்கணும், அதுதான் இதயத்துக்கு நாம குடுக்குற ஒரே நீளமான லீவு. விடியக்காலை மூணு மணிக்கு கண்ண திறந்துட்டு மோட்ட பாத்துக்கிட்டு படுத்திருந்தா அந்த லீவும் போச்சு.

இப்ப உங்கப்பா விஷயம். இத எழுதத்தான் கை தயங்குது, ஆனா நீங்க கேட்டுட்டீங்க, மழுப்ப மாட்டேன்.

பெத்த அம்மா செத்த துக்கம் அன்னிக்கு ராத்திரியே அந்த அட்டேக்க கொண்டு வந்திருக்குமான்னா, கொண்டு வந்திருக்கலாம். ஹார்ட் அட்டேக் வந்து பிழைச்ச 1,985 பேர விசாரிச்சு 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு, நெருங்கின ஒருத்தர் இறந்த முதல் 24 மணி நேரத்துல அட்டேக் வர்ற ரிஸ்க் மத்த நாள விட 21 மடங்கு, முதல் வாரத்துல ஒரு 6 மடங்குன்னு. 21 மடங்குன்ன உடனே பயந்துடாதீங்க, ஒரு நல்ல உடம்புக்காரருக்கு ஒரு நாள்ல அட்டேக் வர்ற வாய்ப்பு ரொம்ப ரொம்ப சின்னது, அத 21ஆல பெருக்குனாலும் சின்னதுதான், துக்க வீட்ல எல்லாரும் விழறதில்லையே. ஏற்கனவே குழாய்ல கொழுப்பு படிஞ்சு இருக்குறவங்களுக்குத்தான் அந்த நாள் ஆபத்தான நாள். 1994 ஜனவரி 17 விடியக்காலை லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்துச்சு, அதுக்கு முன்னாடி வாரத்துல சராசரியா ஒரு நாளைக்கு நாலஞ்சு பேர்தான் அங்க திடீர்னு இதய நோய்ல இறந்தாங்க, அன்னிக்கு ஒரே நாள்ல 24 பேர். இதுல என்ன விஷயம்னா அடுத்த ஆறு நாள்ல அந்த எண்ணிக்கை வழக்கத்த விட கீழ போச்சு. ஏற்கனவே ஓரமா நின்னவங்கள அந்த அதிர்ச்சி தள்ளி விட்டுருக்கு, அவ்வளவுதான். உங்கப்பாவுக்கு "ஒரு வியாதியும் இல்ல"ன்னு எழுதியிருக்கீங்க. அவருக்கு பிரஷர், சக்கரை, கொலஸ்ட்ரால் கடைசியா எப்ப பாத்தாங்கன்னு உங்க அம்மா கிட்ட கேட்டுப் பாருங்க. நம்ம தோட்டத்துல பொறந்த அந்த தலைமுறை ஆம்பளைங்க பாதிப்பேர் கையில பிரஷர் பாக்குற பட்டையே கட்டாம போய் சேந்தவங்க, எங்கப்பாவையும் சேர்த்துத்தான் சொல்றேன். அளக்காததுனால இல்லன்னு ஆயிடாது. 55 வயசுக்குள்ள அப்பாவுக்கு அட்டேக் வந்திருந்தா பிள்ளைங்களுக்கு ரிஸ்க் கொஞ்சம் கூடுதல், அது உண்மை, அதனாலதான் உங்கள சும்மா விட மாட்டேங்குறேன், கொலஸ்ட்ராலும் சக்கரையும் இந்த மாசமே ஒரு தடவ பாத்துடணும்.

துக்கத்துல இதயம் தற்காலிகமா பலூன் மாதிரி வீங்கிப் போறதும் ஒண்ணு உண்டு, 1990ல ஜப்பான் டாக்டருங்க ஆக்டோபஸ் புடிக்கிற பானையோட பேர வச்சு டகோட்சுபோன்னு சொன்னாங்க, பெரும்பாலும் மாதவிடாய் நின்ன பொம்பளைங்களுக்குத்தான் வரும், அதிகம் பேர் சில வாரத்துல சரியாயிடுவாங்க. அது அபூர்வம்.

சரி, உங்க நம்பருக்கு வருவோம். 152/96 ஒரு இடத்துல, 128/82 இன்னொரு இடத்துல. ரெண்டுமே பொய் கிடையாது. டிரெசர் ரூம்ல நடந்து வந்த வேகத்துல, வெளிய நாலு பேர் காத்திருக்க, மாமியார தனியா விட்டுட்டு வந்தோமேங்குற பதட்டத்துல பாத்தா ஏறித்தான் இருக்கும். வெள்ள கோட்ட பாத்தாலே ஏறுறவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களையும் அப்படியே விட்டுடக் கூடாது, ஏன்னா அவங்கள்ல கொஞ்சம் பேருக்கு பின்னாடி நிஜமாவே பிரஷர் நிலைச்சுடுது. தலைகீழாவும் நடக்கும், டாக்டர் கிட்ட நல்லா இருக்கும், வீட்ல ஏறி நிக்கும், அது இன்னும் மோசம், யாருக்கும் தெரியாமலே போயிடும். அதனால ஒரு நம்பர வச்சு முடிவு பண்ண வேணாம், ஒரு வாரம் பாப்போம். பக்கத்து வீட்டு அக்கா கிட்ட அந்த மிஷின ஒரு வாரம் கேளுங்க, மணிக்கட்டுல கட்டுற மாதிரி இருந்தா வேணாம், மேல் கையில கட்டுறதுதான் வேணும். காலைல எழுந்து பாத்ரூம் போய்ட்டு வந்து, கோப்பி குடிக்கிறதுக்கு முன்னாடி, முதுகு சாய்ஞ்சு கால் ரெண்டும் தரையில பட உக்காந்து அஞ்சு நிமிஷம் பேசாம இருங்க, கைய மேஜ மேல நெஞ்சு உயரத்துல வைங்க, ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு தடவ பாருங்க, ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி இதே மாதிரி ரெண்டு தடவ. பிள்ளையோட பழைய ஸ்கூல் புக்குல தேதி போட்டு எழுதுங்க, அன்னிக்கு போன் வந்துச்சா, தூங்குனீங்களா, அதையும் ஓரத்துல எழுதுங்க. முதல் நாள் நம்பர விட்டுட்டு மிச்ச ஆறு நாளுக்கு சராசரி போட்டா 135/85க்கு கீழ இருக்கணும்.

அதுக்கு மேல இருந்துச்சுன்னா புக்க எடுத்துட்டு நேரா அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான் போங்க, ஒரு வெள்ளி டிக்கெட்டுதான், அங்க சிறுநீர், ரத்தம், ஈசிஜி எல்லாம் பாப்பாங்க. மாத்திர வேணும்னு சொன்னாங்கன்னா போடுங்க தங்கச்சி. மாத்திர போட்டா பலவீனம்னு நம்ம ஆளுங்க மத்தியில ஒரு எண்ணம் இருக்கு, அது தப்பு, வீட்டு பிரச்சன தீர்றதுக்கு ஒரு வருஷம் ஆகலாம், அதுவரைக்கும் உங்க குழாய் தடிச்சுப் போகாம அந்த மாத்திர பாத்துக்கும். நல்லா இருக்கேன்னு நீங்களா நிறுத்திடாதீங்க, அப்படி நிறுத்திட்டு வாய் கோணிப் போய் என் கிளினிக் வாசல்ல வந்து நின்னவங்கள நான் நிறைய பாத்துட்டேன். உங்க மாமியார் எப்படி படுத்தாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. 135/85க்கு கீழ இருந்துச்சுன்னா மாத்திர வேணாம், ஆனா மூணு மாசத்துக்கு ஒரு தடவ இதே மாதிரி ஒரு வாரம் பாத்து எழுதணும்.

இப்ப அந்த பார்மசி மாத்திர. இத நீங்க கடைசியில சும்மா ஒரு வரியா எழுதியிருக்கீங்க, எனக்கு அதுதான் கண்ணுல பட்டுச்சு. டைக்லோபினாக், ஐப்யூபுரோபன் மாதிரி வலி மாத்திர கிட்னிய உப்பு பிடிச்சு வைக்க சொல்லும், பிரஷர் ஏறும், தினமும் போட்டா கிட்னிக்கும் நெஞ்சுக்கும் கெடுதல். டென்ஷன்தான் ஏத்துதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்குற பாதி பிரஷர் இந்த மாத்திரையில இருந்தாலும் இருக்கும். பாக்கெட்ட பாத்து பேர எழுதிட்டு வாங்க. வலிக்கு இப்போதைக்கு பெனடோல் அளவா போடுங்க, தைலம் தேய்ங்க. பாசார் மாலாம் ராத்திரி சந்தையில விக்கிற ஜாமு மருந்துப் பொடி பக்கம் மட்டும் போகாதீங்க, சிலதுல ஸ்டீராய்டு கலந்து விக்கிறானுங்க, ரெண்டு நாள்ல வலி பறந்துடும், ஆறு மாசத்துல மூஞ்சி வீங்கி சக்கரையும் பிரஷரும் வந்து நிக்கும். மாமியார தனியா தூக்குறதுனாலதான் முதுகு போகுது, கிளினிக்ல பிசியோ ஆள் கிட்ட எப்படி புரட்டுறதுன்னு ஒரு தடவ கேட்டு கத்துக்குங்க, கீழ ஒரு துணி போட்டு இழுக்குற முறை இருக்கு, பாதி பாரம் குறையும்.

சாப்பாடும் அப்படித்தான். மனசு சரியில்லாத நாள்ல யாரும் கீரை ஆயமாட்டாங்க, ராத்திரி பத்து மணிக்கு மெகி ஒரு பாக்கெட், கருவாடு, ஊறுகா, கிச்சாப் ஊத்துன சோறு, அப்படித்தான் ஓடும், நானும் பாத்து வளந்தவதான். ஆனா அந்த உப்பும் டென்ஷனும் ஒரே கிட்னி கிட்டத்தான் போய் நிக்குதுங்க. நம்ம நாட்டுல ஒரு ஆளு ஒரு நாளைக்கு சராசரி 7.9 கிராம் உப்பு சாப்பிடுறோம், உலக சுகாதார நிறுவனம் சொல்றது 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூன். 2023 கணக்குப்படி மலேசியாவுல பெரியவங்கள்ல பத்துல மூணு பேருக்கு பிரஷர் இருக்குன்னா சும்மா இல்ல. மெகி தூள்ல பாதிய குப்பையில போடுங்க, அதுவே பெரிய விஷயம்.

இனி அந்த மூணு பிரச்சனைக்கு வர்றேன், ஏன்னா மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுத்துட்டு வீட்ட பத்தி பேசாம போனா நான் டாக்டரா இருந்து என்ன பிரயோஜனம். இங்கிலாந்துல அரசாங்க ஆபீஸ்ல வேலை செய்யுற 10,308 பேர 1985லேருந்து கவனிச்சாங்க, வேலையில தன் கையில எதுவுமே இல்லாதவங்களுக்கு, அதாவது அடுத்தவன் சொல்றபடியே நடக்க வேண்டியவங்களுக்கு, இதய நோய் அதிகமா வந்துச்சு. அத படிச்சப்ப எனக்கு தோட்டத்துல காலைல பேர் குடுக்குற பிரட்டுக் களம்தான் ஞாபகம் வந்துச்சு. மழை பெய்ஞ்சா வேலை இல்ல, எந்த நிரைன்னு மண்டோர் சொல்லணும், வீடு கம்பெனியோடது, பிள்ளைக்கு காய்ச்சல்னாலும் கேட்டுத்தான் போகணும். கஷ்டத்த விட அந்த கையாலாகாத நிலைதான் இதயத்த அரிக்குது. அதனால உங்க கையில எதையாவது ஒண்ண எடுத்துக்கிட்டீங்கன்னா, அது சின்னதா இருந்தாலும், அது வைத்தியம்தான்.

ஆலோங் போன முதல்ல நிறுத்துவோம். கடன் உங்க தம்பியோடது, நீங்க கையெழுத்து போடலன்னா அது உங்க கடன் கிடையாது. வந்த மெசேஜ், நம்பர், தேதி எல்லாத்தையும் எடுத்து வச்சுக்கிட்டு வீட்டுக்காரர் வர்ற வாரம் ரெண்டு பேரும் சேந்து போய் போலீஸ் ரிப்போர்ட் பண்ணுங்க, தனியா போகாதீங்க. உங்களுக்கு தெரிஞ்சவங்களுக்கு மட்டும் புது நம்பர் குடுங்க, பழைய நம்பர பூட்டி வைங்க, ராத்திரி எட்டு மணிக்கு மேல போன் வேற ரூம்ல இருக்கட்டும். நோட்டீஸ் விஷயத்துல, அந்த பேப்பர அலமாரியில மடிச்சு வச்சுட்டு தினமும் பயந்துக்கிட்டு இருக்காம, மாமனார் வேலைக்கு சேந்த வருஷம், சம்பள சீட்டு எல்லாத்தையும் ஒரு பைல்ல போட்டு தொழிற்சங்கத்துக்கும் உங்க சட்டமன்ற உறுப்பினர் சேவை மையத்துக்கும் கொண்டு போங்க, அதே மாதிரி நோட்டீஸ் வந்த மத்த குடும்பங்களையும் சேத்துக்குங்க. நாங்க அன்னிக்கு தனித்தனியா அழுதோம், அதான் தனித்தனியா கிளம்புனோம், இன்னைக்கும் எனக்கு அது ஆறல. மாமியாருக்கு வாரத்துல ரெண்டு மத்தியானம் வேற யாராவது உக்காரணும், நாத்தனார் இருந்தா கேளுங்க, வெக்கப்படாதீங்க, நீங்க விழுந்தா அவங்கள பாக்க யாரு இருக்கா?

அந்த ரெண்டு மத்தியானத்துல ஒரு அரை மணி நேரம் நடங்க, தோட்டத்து ரோட்டுலயே, கொஞ்சம் மூச்சு வாங்குற அளவுக்கு. பன்னி துரத்துற மாதிரி ஊறுன அட்ரினலின்னுக்கு கால் ஓடத்தான் கேக்குது, அத குடுத்துடுங்க. ராத்திரி படுத்த பிறகு மூக்கால நாலு எண்ணி இழுத்து, மெதுவா ஆறு எண்ணி விடுங்க, நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும், பத்து நிமிஷம். மூச்ச மெதுவா விடும்போது இதயத்த அடக்குற நரம்பு வேலை செய்யுது, அது கொஞ்சம்தான் இறக்கும், ஆனா இறங்குற வழிய உடம்புக்கு ஞாபகப்படுத்தும். சாமி கும்பிடுங்கன்னு சொன்னாங்களா, கும்பிடுங்க, மாரியம்மன் கோயில் திண்ணையில அரை மணி நேரம் யாரும் உங்கள எதுவும் கேக்காம உக்காந்திருக்க முடியும்னா அது நல்லதுதான். மனசு ரொம்ப அழுத்துச்சுன்னா, எதுலயும் பிடிப்பு இல்ல, இருந்து என்னங்குற நினைப்பு வந்துச்சுன்னா, அன்னிக்கே 15555க்கு அடிச்சு பேசுங்க, சுகாதார அமைச்சோட மனநல லைன் அது. கிளினிக்லயும் சொல்லுங்க, ராத்திரி தூக்கம் வரலன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க.

நெஞ்சு படபடப்பும் நெஞ்சு வலியும் ஒண்ணு இல்லங்குறதையும் தெரிஞ்சு வச்சுக்குங்க. நெஞ்சுல கல்ல வச்ச மாதிரி அழுத்தி, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவி, வேர்த்துக் கொட்டி, மூச்சு திணறுனா டென்ஷன்னு நினைச்சு வெந்நீர் குடிச்சுக்கிட்டு உக்காராதீங்க, 999. பொம்பளைங்களுக்கு சில சமயம் வலியே பெருசா இருக்காது, திடீர்னு அசதி, மூச்சு முட்டல், குமட்டல் மட்டும் இருக்கும், காத்து புடிச்சுக்கிச்சுன்னு விட்டுடுவோம். வாய் கோணல், ஒரு பக்கம் கை தூக்க முடியல, பேச்சு குழறுது, இதுக்கும் அதே 999தான், மாமியார வச்சு உங்களுக்கே தெரியும்.

கோப்பி ஓ நிறுத்த வேணாம். காலைல பசியாறும்போது ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சீனி பாதி. சாயங்காலம் குடிக்கிறத மட்டும் விட்டுடுங்க, அதுதான் மூணு மணிக்கு எழுப்பி விடுறதுல ஒரு பங்கு. பிரஷர் பாக்குறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி குடிச்சுடாதீங்க. ஒரு வாரம் கழிச்சு அந்த புக்குல இருக்குற நம்பர எனக்கும் எழுதி அனுப்புங்க, வலி மாத்திர பேரையும் சேர்த்து.